பட்டமா? பட்டறையா?

ஆண்டுதோறும் மே மாதத்திலே பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வருகிறது. முடிவு வந்த அன்று மாலையே தொடங்கிவிடுகிறது ஒரு வழக்கு. சங்ககிரி முதல் இராசிபுரம் வரை, ஆத்தூர் முதல் பள்ளிபாளையம் வரை, பாட்டாளி வீட்டுத் திண்ணைகளிலெல்லாம் நடக்கும் வழக்கு அது. வாதாடுவோர் மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தகப்பன். கூண்டிலே நிற்கும் குற்றவாளிபோல் தலைகுனிந்து நிற்பவன் யார்? பதினைந்து வயதுப் பிள்ளை! வழக்கு என்ன? "பயலைப் பிளஸ் ஒன் சேர்ப்பதா, ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்த்துவிடுவதா?"

தோழர்களே! ஒரு வீட்டு வழக்கு என்று இதை எண்ணி ஒதுக்கிவிட முடியுமா? ஒரு பிள்ளையின் ஐம்பது ஆண்டு வாழ்வு அந்தத் திண்ணையிலே அரை மணி நேரத்தில் முடிவாகிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் தோழர் ஒரு பலகையை அறுக்குமுன் இருமுறை அளக்கிறார். கொலுசுப் பட்டறையில் வெள்ளியை உருக்குமுன் எடை போடுகிறார்கள். பிள்ளையின் எதிர்காலத்தை அறுக்குமுன் மட்டும் அளக்காமல் விடலாமா? அளந்து பார்ப்போம், வாருங்கள்.

திண்ணையிலே இரண்டு குரல்கள் உரக்கக் கேட்கும். ஒரு குரல் சொல்லும்: "படிப்பு ஏறாத பயல், தொழிலுக்கு அனுப்பு." மற்றொரு குரல் சொல்லும்: "பட்டம் படித்தவனெல்லாம் வேலையில்லாமல் திரிகிறான், கையில் தொழில் இருந்தால் கஞ்சிக்குப் பஞ்சமில்லை."

முதல் குரல் உழைப்பை இழிவு செய்கிறது. படிப்பு ஏறாதவன் செய்வதுதான் தொழில் என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகாமல் கடைசல் பிடிக்கும் டர்னருக்கு மூளை இல்லையா? பாவு ஓட்டும்போது ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் தறிக்காரருக்கு அறிவு இல்லையா?

இரண்டாவது குரல் தேன் தடவிப் பேசுகிறது. ஆனால் அந்த அறிவுரையை வழங்கும் பெரிய மனிதரைக் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, தங்கள் மகன் என்ன செய்கிறார்?" பொறியியற் கல்லூரியில் படிக்கிறான் என்பார், அல்லது அயல்நாட்டில் மேற்படிப்பு என்பார்! தமக்குப் பட்டம், நமக்குப் பட்டறை. இது அறிவுரையா, பங்கீடா?

இந்தப் பங்கீட்டை இந்த மண் அறியும். 1953இல் அப்போதைய சென்னை மாநில முதலமைச்சர் ஆச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். இதே சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். 1917இல் சேலம் நகராட்சித் தலைவராக அமர்ந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமம் நிறுவியவர். நம் தறியையும் ஏரையும் கண்ணால் கண்டவர். அவர் திட்டம் சொன்னது என்ன? கிராமத்துத் தொடக்கப் பள்ளியிலே நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு. எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. பள்ளிக்கூடம் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, இரண்டு முறையாக வகுப்பு நடத்தினால் இரு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று காரணமும் கூறினார்.

காரணம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள்ளே இருந்த வேர் வேறு. வண்ணான் மகன் துறைக்குப் போ, குயவன் மகன் சக்கரத்துக்குப் போ, நாவிதன் மகன் கத்தி பிடி என்றது அந்தத் திட்டம். வழக்கறிஞர் மகன் மட்டும் பிற்பகலில் சட்டப் புத்தகம் புரட்டுவான்! தமிழகம் அதற்கு ஒரு பெயர் வைத்தது: குலக்கல்வி. பெயரிலேயே தீர்ப்பு இருந்தது. திராவிடர் கழகம் கிளர்ந்தெழுந்தது. 1953 சூலையில் தி.மு.கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார்; காமராசர் முதல்வரானார்; திட்டம் கைவிடப்பட்டது.

அப்படியானால் நம் இயக்கம் தொழிற்கல்விக்கு எதிரியா? இல்லை! அன்று எதிர்க்கப்பட்டவை இரண்டு. தொழிலைத் தேர்ந்தெடுத்தது பிள்ளையல்ல, பிறப்பு என்பது ஒன்று. அந்தத் தொழிலுக்குள் போனவன் மேலே ஏற வழியில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் நீக்கிவிட்டால் தொழிலைப் படிப்பதில் என்ன இழிவு?

சான்று வேண்டுமா? திருச்செங்கோட்டிலே பிறந்த டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்து சென்று லீட்சு நகரிலே நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். திரும்பி வந்து 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சை நிறுவினார். செல்வர் வீட்டுப் பிள்ளை நெசவைப் படித்தால் அது பல்கலைக்கழகப் படிப்பு. ஏழை வீட்டுப் பிள்ளை அதே நெசவைச் செய்தால் அது குலத்தொழில்! நெசவிலே உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. நெசவுக்குப் போன பாதையிலேதான் இருந்தது வேறுபாடு. 1960இல் இதே சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் அமைந்தது. எந்தச் சாதிப் பிள்ளையும் விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, நெசவைப் பாடமாகக் கற்கும் இடம். 1953இல் தறிக்காரன் மகனைத் தறியோடு கட்டப் பார்த்தார்கள். ஏழே ஆண்டில் தறியைப் பாடப் புத்தகத்திலே ஏற்றினார்கள். முன்னதை எதிர்த்தவன் பின்னதை வரவேற்பான். இதில் முரண் ஏது?

ஆகவே அளவுகோல் கிடைத்துவிட்டது. எந்தப் படிப்பானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். தேர்ந்தெடுப்பது யார்? மேலே போகக் கதவு உண்டா?

இன்றைய பாதைகளை இந்தக் கோலால் அளப்போம்.

முதற்பாதை, எல்லோருக்கும் தெரிந்த ஏட்டுக் கல்விப் பாதை. பத்துக்குப் பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ. இந்த மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் 1978இல் வந்தது. அதற்குப் பின் பொறியியல் நான்கு ஆண்டு. 2ம் 4ம் 6.

இரண்டாம் பாதை பாலிடெக்னிக். பத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு, கையில் டிப்ளமோ. டிப்ளமோ பெற்றவன் பொறியியற் கல்லூரியில் முதலாண்டைத் தாண்டி நேரே இரண்டாம் ஆண்டிலே சேரலாம். அங்கே மூன்று ஆண்டு. 3ம் 3ம் 6.

கவனித்தீர்களா, தோழர்களே? இரண்டும் ஆறே ஆண்டுதான்! "பாலிடெக்னிக்கில் சேர்த்தால் பட்டம் போச்சு" என்று புலம்பும் சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரே பட்டம், ஒரே காலம். வேறுபாடு என்னவென்றால், பாலிடெக்னிக் பிள்ளை மூன்றாம் ஆண்டு முடிவிலேயே கையில் ஒரு சான்றிதழோடு நிற்கிறான். வீட்டில் இடி விழுந்தால், தகப்பன் படுத்துவிட்டால், அன்றே ஒரு வேலைக்குப் போகலாம். பிளஸ் டூ முடித்துப் பொறியியலில் பாதியில் நின்றவன் கையில் என்ன இருக்கும்? பிளஸ் டூ சான்றிதழும் கல்விக் கடனும்தான்!

மூன்றாம் பாதை ஐ.டி.ஐ. பத்துக்குப் பிறகு பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் என்று ஈராண்டுப் பயிற்சி. அதை முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு ஆண்டில் டிப்ளமோ. பிறகு பொறியியல் மூன்று ஆண்டு. 2ம் 2ம் 3ம் 7. ஒரே ஓர் ஆண்டுதான் கூடுதல். பிளஸ் டூவில் மதிப்பெண் சறுக்கிய பிள்ளைக்கும் இதே படி உண்டு: டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டு, பிறகு பொறியியலின் இரண்டாம் ஆண்டு. சறுக்கியவன் விழுந்தவன் அல்லன்!

இந்தப் படிகளுக்குரிய கூடங்கள் தொலைவிலும் இல்லை. சேலம் தியாகராசர் பாலிடெக்னிக் 1958இல் தொடங்கியது. கருப்பூரில் உள்ள அரசு பொறியியற் கல்லூரி 1966இல் தொடங்கியது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது; அதே ஆண்டு சேலத்தில் பெரியார் பெயரிலேயே பல்கலைக்கழகம் எழுந்தது. அன்று பட்டம் வேண்டுமென்றால் சென்னைக்கு இரயில் ஏற வேண்டும். இன்று பல ஊர்களில் நகரப் பேருந்து போதும்.

இவ்வளவு சொன்னதும், "அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் பாலிடெக்னிக்குக்கு அனுப்பிவிடலாமே" என்று எழுந்துவிடாதீர்கள். நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. அதை மறைப்பவன் தோழன் அல்லன், தரகன்.

நாமக்கல் கோழிப்பண்ணையிலே முட்டை பொறுக்கும் தாயின் மகள், கால்நடை மருத்துவராக வேண்டும் என்று கனவு காண்கிறாள் என்று வையுங்கள். அதே நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தொலைவு. ஆனால் அந்த வாயிலுக்குள் போக மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் படித்திருக்க வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ அந்தப் பூட்டைத் திறக்காது. மருத்துவமும் அப்படித்தான். ஊர் எது என்று தெரிந்துகொண்டல்லவா பேருந்து ஏற வேண்டும்? திருச்சிக்குப் போக வேண்டியவன், கூட்டம் குறைவாக இருக்கிறது என்பதற்காக ஈரோட்டு வண்டியில் ஏறலாமா?

இன்னொன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றிலும் வந்தது. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. ஆனால் அந்தச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காகச் செய்யப்பட்டது. பத்தோடு பள்ளியை விட்டவனுக்கு அந்த வாசல் இல்லை. நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பத்தோடு நிறுத்துமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கணக்குப் பாடம். டிப்ளமோவிலிருந்து நேரே இரண்டாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளை, பிளஸ் டூவிலும் பொறியியல் முதலாண்டிலும் கற்பிக்கப்படும் உயர்கணிதத்தில் பலவற்றைக் காணாமல் போகிறான். பட்டறையில் புலியாக இருந்தவன் கணித வகுப்பில் பூனையாகிறான். இதற்கு முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். டிப்ளமோவின் கடைசி ஆண்டிலேயே மாலையில் கணக்குச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் கிடைத்தால், பாதித் தடை நீங்கிவிடும்.

ஏட்டுப் பாதைக்காரர்கள் மகிழ வேண்டாம்! அந்தப் பாதையின் மறுபக்கமும் நம் மாவட்டத்திலேதான் கிடக்கிறது. நாமக்கல், இராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் புகழ் தமிழகம் அறிந்தது. பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைக்கும் பள்ளிகள் உண்டு என்று குற்றச்சாட்டு எழுந்தது. இந்த நிலையில் 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அது கைவிடப்பட்டது. விடியுமுன் எழுப்பி, நள்ளிரவு வரை மனப்பாடம் செய்ய வைப்பதற்குக் கல்வி என்று பெயரா? விளக்கை அணைக்காத பண்ணையிலே கோழி நிறைய முட்டையிடும். பறக்குமா? நிலத்தை அடகு வைத்து அந்த விடுதிக்கு அனுப்பும் தகப்பனே, உன் பிள்ளைக்கு ஏட்டின்மேல் பசி இருக்கிறதா, இல்லை, உனக்கு ஊர்ப் பெருமையின்மேல் பசியா என்று ஒருமுறை கேட்டுக்கொள்.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறோம். 3ம் 3ம் 6 என்று ஏட்டிலே கூட்டினோம். ஆனால் டிப்ளமோ முடித்த பிள்ளைகளில் பலர் பொறியியலுக்குப் போவதில்லையே, ஏன்? கதவு திறந்துதான் இருக்கிறது, கால் கட்டப்பட்டிருக்கிறது!

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டும் தோழர் முன்பணம் வாங்கியிருக்கிறார். கலியாணத்துக்கு வாங்கினார், மருத்துவத்துக்கு வாங்கினார். அந்தக் கடன் தீரும்வரை அந்தத் தறியை விட்டு நகர முடியாது. மகன் டிப்ளமோ முடிக்கிறான். மாதச் சம்பளம் வருகிறது. கடனில் ஒரு பகுதி அடைகிறது. "இன்னும் மூன்று ஆண்டு படி" என்று எந்த வாயால் சொல்வார்? பையன் முட்டாள் என்பதால் படிப்பு நிற்கவில்லை. பணம் இல்லாததால் நிற்கிறது. இதை விதி என்று சொல்பவன் பித்தலாட்டக்காரன். கூலியும் கடனும் மனிதன் வகுத்தவை, மனிதனால் மாற்றக்கூடியவை.

மாற்றம் நடந்தும் இருக்கிறது. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. 2010இல் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அதே ஆண்டில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கின. 2022இல் அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் வந்தது. 2024இல் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன். பட்டப் படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் அந்தத் தொகை உண்டு என்று வகுத்தார்களே, அதுதான் சிறப்பு. அரசின் கண்ணில் பட்டமும் பட்டறையும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன.

வேலைக்குப் போனவனுக்கும் ஒரு வழி வேண்டும். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று டிப்ளமோக்காரர்களுக்குப் பகுதிநேரப் பொறியியல் படிப்பு கோவையில் நீண்ட காலம் நடந்தது. 2023இல் அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமும், பணியில் இருப்போர்க்கென வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு இசைவு வழங்கியது. இந்த வகுப்புகள் சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என எங்கும் பெருக வேண்டும். உருக்காலைத் தொழிலாளியும், ரிக் லாரி பட்டறைத் தொழிலாளியும் ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றிக்கொண்டு வகுப்புக்குப் போகும் காலம் வர வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக்குக் கொடி பிடிப்பதுபோல் இதற்கும் பிடித்தால் என்ன?

உலகத்தைப் பாருங்கள். செருமனி நாட்டிலே வாரத்தில் சில நாள் தொழிற்சாலை, சில நாள் பள்ளி என்று தொழிற்கல்வி நடக்கிறது. அங்கே அதை யாரும் தாழ்வாக எண்ணுவதில்லை. ஆனால் அங்கும் ஒரு குறை. பல மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, பத்து வயதிலேயே, யார் எந்தப் பள்ளி என்று பிரித்துவிடுகிறார்கள். அந்தக் குறையை அவர்களே உணர்ந்து, 2009இல் தொழிற்தேர்ச்சி பெற்ற கைவினை மேலாளர்களுக்கும் பல்கலைக்கழகக் கதவைத் திறந்துவிட்டார்கள். தொழிலுக்குப் பெயர் பெற்ற நாடே, மேலே ஏறும் கதவு வேண்டும் என்று பிற்பாடு வைத்தது!

இங்கே என்ன நடக்கிறது? 2023இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டம் என ஒன்றைக் கொண்டுவந்தது. குடும்பவழிக் கைத்தொழில் செய்வோருக்குப் பயிற்சியும் கடனும் என்றது. குறைந்த வயது 18 என்றது. பதினெட்டு எந்த வயது? கல்லூரி வாயிலில் நிற்க வேண்டிய வயது! அந்த வயதில் அப்பன் தொழிலைச் செய்தால் பணம் என்று ஆசை காட்டினால், வறுமை எந்தப் பக்கம் தள்ளும்? தமிழ்நாடு அரசு 2024இல் அதை ஏற்க மறுத்தது. குடும்பத்தொழில் என்ற கட்டுப்பாடு இல்லாமல், 35 வயது கடந்தோர்க்கெனத் தனித் திட்டம் வகுத்தது. கைவினைஞருக்கு உதவி வேண்டும், மறுப்பவர் யார்? கேள்வி அதே பழைய கேள்விதான்: தேர்ந்தெடுப்பது யார், பிள்ளையா, பிறப்பா?

தோழர்களே, கிளைக் கழகத் தோழர்களுக்குச் சில சொற்கள். ஒரு காலத்தில் நம் படிப்பகத்திலே ஏடு படித்துக் காட்டினோம். எழுத்தறியாதவன் காதால் உலகை அறிந்தான். இன்று அதே படிப்பகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். பிளஸ் ஒன், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை ஆகியவற்றின் விண்ணப்ப நாட்களை எழுதுங்கள். நாள் தவறியதால் ஓர் ஆண்டை இழக்கும் பிள்ளை நம் தெருவில் இருக்கக் கூடாது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாத தாயோடு ஒருவர் உடன் செல்லுங்கள். சேரப்போகும் நிலையத்துக்கு முறையான ஏற்பு உண்டா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். விளம்பரப் பலகை பெரிதாக இருப்பது ஏற்புக்கு அடையாளம் அன்று. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது அதற்கு நிகரான படிப்பு, அதன்பின் பட்டம் என்ற வரிசையை அரசு வேலைக்குக் கேட்கிறார்கள். குறுக்கு வழியில் பட்டம் தருகிறோம் என்று வருபவனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் அழ வேண்டாம்.

பெண்பிள்ளை என்றால், "பக்கத்திலே எந்தக் கல்லூரி இருக்கிறதோ அதில் ஏதோ ஒரு பட்டம், கலியாணப் பத்திரிகையில் போட" என்று முடிப்பவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். அவளுக்கும் அதே இரண்டு கேள்வி. மின்பொறியியல் டிப்ளமோ அவள் கைக்கும் பொருந்தும். கால்நடை மருத்துவர் கோட்டு அவள் தோளுக்கும் பொருந்தும்.

இறுதியாக, தீர்ப்புச் சொல்ல வேண்டிய தகப்பனுக்கு. கூண்டில் நிற்கும் பிள்ளையைத் திண்ணைக்கு அழைத்து அருகில் உட்கார வையுங்கள். எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறான் என்று கேளுங்கள். அவன் ஆசிரியரையும் கேளுங்கள். எங்கே போக விரும்புகிறானோ, அங்கே போகும் பாதையைத் தேடுங்கள். பாதை இரண்டாக இருந்தால், வீட்டின் வருவாய் எதைத் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். பட்டறைப் பாதை என்று முடிவானால், டிப்ளமோவோடு நிறுத்தாமல் பட்டம் வரை அவனைக் கொண்டுசெல்ல இன்றே திட்டமிடுங்கள். முடியாத நாள் வந்தால், மாலை வகுப்பின் வாசல் வரையாவது அழைத்துச் செல்லுங்கள்.

நம் பிள்ளை ஸ்பானர் பிடிக்கலாம், எழுதுகோல் பிடிக்கலாம். எதைப் பிடிப்பது என்று அவனுக்காகப் பிறப்பும் வறுமையும் முடிவு செய்ய விடமாட்டோம்!